இடது கைத் தாளம்

நடுவட்டம் டீக்கடைக் கூரையிலிருந்து எதிரே நின்ற சில்வர் ஓக் மரத்துக்கு யாரோ ஒரு கறுப்பு ஒயரைக் கட்டியிருந்தார்கள். கொட்டுகிற ஆடி மழையில் ஓடி வந்த கோகிலவாணியின் குடை அதில் மாட்டி, அப்படியே மடங்கிப் போனது.

"ஏனுங்க, பாத்து வரக் கூடாதுங்களா? ஆன்டெனா அறுந்துரும்!" கடைக்குள்ளிருந்து ஒருவன் பாய்ந்து வந்தான்.

"துணி காயப் போடற மாதிரி நடு வழியில கட்டிட்டு, நான் பாத்து வரணுங்களா?" சீறியவள் ஒயரின் நீளத்தை ஒருமுறை பார்த்தாள். கோபம் சட்டென்று நின்றது. "நாப்பது மீட்டர் ரேடியோ பேண்டா... நீங்க ஹாமா?"

அவன் அவளை உற்றுப் பார்த்தான். அமெச்சூர் ரேடியோ வைத்திருப்பவனை ஹாம் என்று அழைக்கத் தெரிந்த பெண்ணா, இந்த மழையில்? நனைந்த முகத்தில் அந்தப் பெரிய கண்கள்... அவை அழுதிருந்தன. மழையால் அதை மறைக்க முடியவில்லை.

அவன் சுரேந்திரன். குன்னூரில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை. லீவு கிடைத்தால் ரேடியோவும் லேப்டாப்புமாய் மலை மலையாய்ச் சுற்றுகிறவன். இன்று மண்சரிவு அவனை இங்கேயே நிறுத்திவிட்டது. கூடலூர் ரோடு மூடிக் கிடந்தது. காலையிலிருந்து இந்தப் பக்கம் யார் போனிலும் டவர் இல்லை.

அவளுக்கு வேண்டியது ஒரே ஒரு சேதி. அப்பா அய்யாவு நெஞ்சுவலியில் சாய்ந்துவிட்டார். அம்மா அவரை எஸ்டேட் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு கூடலூர் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிய கொஞ்ச நேரத்தில் மலை சரிந்தது. ஃபாக்டரி ஷிஃப்டில் இருந்தவளுக்கு இப்போதுதான் தெரியும். ஜீப் தாண்டிவிட்டதா... இல்லை, மண்ணுக்கு அடியிலா?

"தேவர்சோலைல மோசஸ் அண்ணன் இருக்கார். மழை புடிச்சா ரேடியோவ நிறுத்தவே மாட்டார். அவரக் கூப்பிடுங்க!"

"நானும் டிஜிட்டல்ல கூப்புட்டுட்டேதான் இருக்கேன். யாரும் எடுக்கல."

"அவர்கிட்ட ஏதுங்க கம்ப்யூட்டர்? பேசுங்க... இல்லன்னா மோர்ஸ் அடிங்க!"

"இந்தப் பெட்டில மைக் இல்லீங்க. மோர்ஸ கீபோர்டுல தட்டித்தான் அனுப்புவேன், அதுக்கு வேற கேபிள், அது குன்னூர்ல கெடக்குது. கையால அடிச்சுப் பழக்கமே இல்ல."

"கீ இருக்குதா? கொடுங்க."

வாங்கியதோடு சரி என்று பையின் அடியில் கிடந்த மோர்ஸ் கீயை எடுத்து நீட்டினான்.

"உங்க கால்சைன்?"

லைசென்ஸோடு வந்த தன் ரேடியோப் பெயரைச் சொன்னான். வாங்க வந்த அவள் கை பாதியில் நின்றது.

அவனா!

அவளும் ஹாம்தான். போன சித்திரையில் ஒருநாள், வீட்டில் ஆசையாய்த் தன் ரேடியோ செட்டைத் திறந்தவளிடம் பேசியது இதே கால்சைன்தான். மிஷின் மாதிரிச் சுத்தமான மோர்ஸ். நடுவில் கேட்டான்... "க்யூ எல் எஃப்?" ஹாம்கள் ஒருவரையொருவர் கேலி செய்யவென்றே வைத்திருக்கும் கேள்வி அது. இடது காலால் அடிக்கிறாயா என்று அர்த்தம். யாரும் காது வைக்கக்கூடிய அலைவரிசை, எத்தனை பேர் கேட்டுச் சிரித்தார்களோ! அன்றைக்கு மூடிய செட்டை அவள் அப்புறம் திறக்கவேயில்லை. இன்று திறக்கலாமென்றால் எஸ்டேட்டில் கரண்ட் இல்லை.

இவன் முன்னாலா உட்கார வேண்டும்? எழுந்து போய்விடலாம் போல ஆத்திரம் வந்தது. ஆனால், அப்பா...

உட்கார்ந்தாள். இடது கையைக் கீயின் மேல் வைத்தாள்.

டிட்... டா டிட்... ஒரு கால் விந்தி நடக்கிற மாதிரித் தாளம். சுரேந்திரனுக்குச் சுரீரென்றது. மோர்ஸ் அடிக்கிற ஒவ்வொரு கைக்கும் ஒரு நடை உண்டு. இந்த நடையை அவன் கேட்டிருக்கிறான். கேலியும் செய்திருக்கிறான். அப்போதுதான் நீண்ட ஸ்வெட்டர் கைக்குள் ஒளிந்திருந்த அவள் வலது கையைப் பார்த்தான். அதில் இரண்டு விரல்கள் இல்லை.

கடவுளே... என்ன காரியம் செய்து வைத்திருக்கிறேன்!

மோசஸ் கிடைத்துவிட்டார். ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டுவிட்டு வருகிறேன், இரு என்றார். டீ ஆறி ஆடை கட்டியது. இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

அவர் திரும்பக் கூப்பிட்டபோது இடி ஆரம்பித்திருந்தது. மின்னலுக்கு மின்னல் ஹெட்ஃபோனில் படபடவென்று இரைச்சல்.

"ஜீப்னு வருது... அப்புறம் கேக்கல. அய்யோ, ஒண்ணுமே கேக்கலைங்க!"

"அழாதீங்க. காதுக்குச் சிக்கலன்னாலும் லேப்டாப் ஸ்கிரீன்ல கோடு விழும். திருப்பி அடிக்கச் சொல்லுங்க. நீங்க கேளுங்க... விட்டத நான் பாத்துச் சொல்றேன்."

நீலத் திரையில் மங்கலான கோடுகள் குட்டையும் நீளமுமாய் இறங்கின. அவள் கேட்டாள், அவன் பார்த்தான். ஜீப்... தாண்டிவிட்டது. அப்பா...

இடி!

"அப்பாவுக்கு என்னங்க? சொல்லுங்க!"

அவன் திரையை ஒட்டிக் குனிந்தான். "நீளம் மூணு. அப்புறம்... நீளம், குட்டை, நீளம்."

"ஓ... கே..." கோடுகளை விரலால் தொட்டாள். "ஓகே! அப்பா ஓகேங்க!"

முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். அவன் கண்ணும் நிறைந்துவிட்டது.

"அந்த க்யூ எல் எஃப்... நான்தானுங்க. ஆம்பளைன்னு நெனச்சு..."

"ஆம்பளையா இருந்தா வலிக்காதுங்களா?" அவள் நிமிர்ந்தாள். "இந்தக் கை ஃபாக்டரி ரோலர்ல போச்சு. ஊட்ல கெடந்தப்ப மிச்சமிருக்கற கைய வச்சு இதக் கத்துக்கிட்டேன். உங்களுக்குக் கீபோர்டு அடிச்சுக் குடுக்குது. உதவிக்கு நன்றிங்க."

மடங்கிய குடையோடு மழையில் இறங்கிப் போயே விட்டாள்.

அய்யாவு குணமாகி வீடு திரும்பிய பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை. போ போ என்று விரட்டியும், அன்று நிறைந்த சுரேந்திரனின் கண்கள் கோகிலவாணியின் மனதை விட்டுப் போகவில்லை. செட்டைத் திறந்தாள்.

யாரோ அவளுடைய கால்சைனை அடித்துக்கொண்டிருந்தார்கள். மகா மோசமான மோர்ஸ்! தடுக்கி, விழுந்து, எழுந்து, மறுபடி விழுந்து... கடைசியில் சொந்தக் கால்சைன் வந்தது. அவன்தான். கீபோர்டு இல்லை. இடது கையால் அடிக்கிறானாம்.

சிரிப்பை அடக்க முடியாமல் கேட்டாள். "க்யூ எல் எஃப்?"

"ஆமாங்க. எல்லாரும் கேக்கட்டும். அன்னிக்குக் கேலி பண்ணுன இடத்துலயே மன்னிப்புக் கேக்கறேன். அப்புறம்... உங்கள எனக்கு ரொம்பப் புடிச்சிருக்கு." இதைச் சொல்லி முடிக்க அவனுக்கு ஒரு யுகம் பிடித்தது. பயந்துபோய் எழுபத்து மூன்று என்று முடித்தான்.

எழுபத்து மூன்று, எந்த ஹாமும் எந்த ஹாமுக்கும் சொல்லும் வணக்கம். மனசுக்குப் பிடித்தவர்களுக்கு மட்டும் வேறொரு எண் இருக்கிறது. எண்பத்தெட்டு.

நடுவில் மோசஸ் புகுந்தார். "பாவம்மா அந்தப் பையன். பதில் சொல்லு."

கோகிலவாணி இடது கையைக் கீயில் வைத்தாள். மூன்று நீளம், இரண்டு குட்டை. மறுபடியும் மூன்று நீளம், இரண்டு குட்டை.

அந்தப் பக்கத்திலிருந்து தடுக்கித் தடுக்கி, அதே எண்பத்தெட்டு திரும்பி வந்தது.