முப்பத்து நான்காவது சுற்று

"இன்னாம்மா, வெளையாடுறீங்களா? முந்தாநேத்து ராத்திரிதானே ரெண்டு பேரும் வந்து தங்கிட்டுப் போனீங்க!" என்றார் போனில் கோவளத்து விடுதிக்காரர்.

எழிலரசிக்குச் சிரிப்புதான் வந்தது. வேறு யாரோ என்றாள். அவர் விடவில்லை. பதிவேட்டைப் புரட்டிப் படித்தே காட்டினார்: எழிலரசி, திருமுருகன், பட்டாபிராம். பொங்கல் கூட்டத்தில் மனிதர் குழம்பிப்போயிருப்பார், நாம் போன வாரம் விசாரித்தபோது எழுதி வைத்திருப்பார் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டு, இருபத்துமூன்றாம் தேதிக்கு அறை கேட்டு வாங்கிவிட்டுப் போனை வைத்தாள்.

குடியரசு தின விடுமுறையை ஒட்டி அவளும் கணவன் திருமுருகனும் நீலாங்கரையிலிருந்து மரக்காணம்வரை ஐந்து நாள் கடலோரமாகவே நடப்பதாக ஏற்பாடு. வழிகாட்டி கிடையாது. முழுத் திட்டமும் எழிலரசி போட்டது. செயற்கைக்கோள் படத்தைப் பெரிதாக்கி வைத்துக்கொண்டு, எங்கே நடப்பது, எங்கே தண்ணீர் பிடிப்பது, எங்கே படுப்பது என்று கடற்கரை நெடுகச் சிவப்புக் கோடு இழுத்திருந்தாள். எதையும் ஒருமுறை ஓட்டிப் பார்க்காமல் வெளியே விடாத சாஃப்ட்வேர் வேலை இருவருக்கும். நடைக்கும் அதையேதான் செய்தார்கள். பொங்கலுக்கு ஊருக்குக்கூடப் போகாமல், முழு மூட்டையைச் சுமந்துகொண்டு அடுக்குமாடி வளாகத்தையே சுற்றிச் சுற்றி வந்தார்கள். ஒரு சுற்று அரை கிலோமீட்டர். வியாழக்கிழமை கோவளம்வரையான முதல் நாள் தூரம், வெள்ளிக்கிழமை மாமல்லபுரம்வரையான இரண்டாம் நாள் தூரம். நேற்றைய அந்த நடையில் பி பிளாக் பின்னால் வேகத்தடையில் எழிலரசிக்குக் கால் பிசகிவிட்டது. அதனால் இன்று, காணும் பொங்கலன்று, மூன்றாம் நாள் நடையைத் திருமுருகன் தனியாக நடந்துகொண்டிருந்தான். கோட்டின்மேல் எந்த ஊர் வருகிறதோ அந்தப் பெயரைப் பால்கனிக்குக் கீழே வரும்போது கத்த வேண்டும் என்பது அவன் போட்ட விதி.

"கல்பாக்கம்!" என்று கீழேயிருந்து குரல் வந்தது.

அவள் எட்டிப் பார்த்துக் கையசைத்தாள். வளாகத்தில் பாதிக்கு மேல் வீடுகள் பூட்டிக் கிடந்தன, குழந்தைகள் சத்தம் இல்லை, குக்கர் விசில் இல்லை. நெமிலிச்சேரிப் பக்கம் ஒரு ரயில் ஊதிவிட்டுப் போன பிறகு அவனுடைய ஷூக்களின் சத்தமும் இரண்டு ஊன்றுகோல்களின் டக் டக்கும் மட்டும் நாலு மணி நேரமாக ஒரே சீராகக் கேட்டுக்கொண்டிருந்தன. அந்தச் சத்தம் அவளுக்குத் துணையாகத்தான் இருந்தது.

அடுத்து மாமல்லபுரம் விடுதிக்குப் பேசினாள். ஒரு பெண்மணி எடுத்தார். பெயரைச் சொன்னதுமே, "கால் எப்படிம்மா இருக்கு? நேத்து அந்த நொண்டு நொண்டினீங்களே, வெந்நீர் வெச்சுக் குடுத்தேனே" என்றார்.

எழிலரசியின் கை கணுக்காலுக்குப் போனது. கட்டுத்துணியின்மேல் விரல் அப்படியே நின்றுவிட்டது. கால் பிசகியது அவளுக்கும் அவனுக்கும் தவிர ஒருவருக்கும் தெரியாது. தன் அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை.

"நான்தான் சார்கிட்ட அடிச்சுச் சொன்னேனே, பாலாத்து முகத்துவாரத்தைப் போட்ல தாண்டுங்கன்னு. படத்துல மணலா இருக்கு, நடந்தே போயிடலாம்னு சொல்றாரு. அது வெயில் காலத்து மணலும்மா. மழைக்கப்புறம் பாலாறு ஒடைச்சுக்கிட்டு ஓடுது, ஆள் முழுகிடும். கெளம்பிட்டாரா?"

மடிக்கணினியில் அந்த இடத்தைப் பெரிதாக்கினாள். வெள்ளை மணல், அதன் குறுக்கே அவளுடைய சிவப்புக் கோடு. ஓரத்தில் பொடி எழுத்தில் படம் எடுத்த தேதி: மே மாதம். இத்தனை நாள் அதை அவள் பார்க்கவே இல்லை. பதினேழாவது கிலோமீட்டர். முப்பத்து நான்காவது சுற்று.

"சதுரங்கப்பட்டினம்!"

குரலில் களைப்பு. முப்பத்திரண்டு முடியப் போகிறது. எழிலரசி பால்கனிக்கு ஓடினாள்.

"திரு! போதும், மேல வா!"

"நின்னா உக்காந்துடுவேன் எழில்! இன்னும் கொஞ்சந்தான்!"

அவன் திரும்பிக்கூடப் பார்க்காமல் பி பிளாக் மூலையில் மறைந்தான். போன் செய்தாள். அணைத்து வைத்திருந்தான்; நடக்கும்போது பேட்டரியை மிச்சப்படுத்த வேண்டும் என்று திட்டத்தில் எழுதியதும் அவளேதான். பைத்தியமா எனக்கு, கீழே சிமெண்ட் ரோடு, கடல் முப்பது கிலோமீட்டருக்கு அப்பால் என்று வாய்விட்டே சொல்லிப் பார்த்தாள். சொன்ன குரல் நடுங்கியது.

ஷூ சத்தம் திரும்ப வந்தது. மாறியிருந்தது. ஈரத்துணியைத் தரையில் அடிப்பதுபோல் ஒவ்வொரு அடியும் சப், சப் என்றது. காற்றில் உப்பும் காய்ந்த கருவாட்டு வாடையும்.

"வாயலூர்!"

முழங்கால்வரை அவன் பேண்ட் நனைந்திருந்தது.

கீழே ஓடத் தொடங்கினாள். லிஃப்ட் வரவில்லை. படியில் நொண்டிக்கொண்டே இறங்கியபடி, முகத்துவாரத்துக்கு அக்கரைக் குப்பத்தில் அறை தருவதாகச் சொன்ன முனியம்மாவை அழைத்தாள்.

"ஆரு? இரும்மா, இங்க ஒரே கலாட்டாவா கீது. அந்தாண்ட ஒரு ஆளு தண்ணில எறங்கினு கீறான். அத்தினி பேரு கத்துறோம், காதுலயே வாங்க மாட்டேன்றான்!"

"எப்படி... ஆள் எப்படி இருக்கார்?"

"முதுவுல நீலப் பை. கையில ரெண்டு கோலு."

மூன்று மாடி. கால் தீயாக எரிந்தது. வாசலில் காவலாளி பரந்தாமன் நாற்காலியிலிருந்து எழுந்தார். "இன்னா மேடம், இப்டி ஓடியார்றீங்க? சாரு இப்பதான் பின்னால போனாரு. ஒடம்பெல்லாம் தண்ணி. எங்கியாவது பைப்பு ஒடைஞ்சிக்கிச்சா?"

ஓடினாள். பி பிளாக் மூலை. பின்பக்கம். பொழுது சாய்ந்துகொண்டிருந்தது.

ரோடு காய்ந்து கிடந்தது. ஒரு சொட்டு ஈரம் இல்லை.

நடுவில் திருமுருகன் நின்றிருந்தான். இரண்டு கையாலும் பையைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்திருந்தான். நுனிக்காலில் நின்றான். மோவாய் வானத்தைப் பார்த்திருந்தது. சட்டை உப்பி, மார்பைச் சுற்றி மிதந்தது.

"திரு!"

அவன் திரும்பினான். அடையாளம் தெரிந்து கண் விரிந்தது. வாயைத் திறந்தான். தண்ணீர் கொட்டியது. கலங்கல் தண்ணீர். பை நழுவியது, தரையில் விழவில்லை. அந்தரத்தில் புரண்டு கிழக்கே போனது.

அவன் ஷூ சிமெண்டைவிட்டு எழும்பியது.

ஒரு சாண். இரண்டு சாண். மெதுவாக மல்லாந்தான். மதில் சுவர்ப் பக்கம் இழுபட்டான். எழிலரசி பாய்ந்து மணிக்கட்டைப் பிடித்தாள். ஐஸாகக் குளிர்ந்திருந்தது. அவன் விரல்களும் அவளைப் பற்றின. இழுத்தாள். முழு பலத்தோடு இழுத்தாள். அந்தப் பக்கம் இழுப்பு அதிகம்.

இன்னொரு கையில் போன் இன்னும் பேசிக்கொண்டிருந்தது.

"ஐயோ, வேணாம்மா! வேணாம்! கைய வுட்டுட்டுக் கரைக்குப் போ! ஏய், ஆராவது புடிங்கடா... இன்னொரு பொம்பள எறங்கிட்டா!"

விட்டால் பிழைக்கலாம். அது அவளுக்குத் தெரிந்தது.

விடவில்லை.

காய்ந்த ரோட்டில், அவள் முழங்காலைச் சுற்றிச் சுடிதாரின் ஓரம் மெல்ல எழும்பி விரிந்து மிதந்தது.