மூல அறையில் பூஜ்யம்

பூஜ்யம் வரக்கூடாத இடத்தில் பூஜ்யம் இருந்தது.

மியென் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தாள். மதியம் இரண்டே முக்கால். தா நாங் நகரத்தில் மூன்று நாளாக விடாத மழை. அடுக்குமாடி முழுக்கச் சாப்பிட்டுவிட்டுத் தூங்கிக்கொண்டிருக்க, அடுப்பில் ஆறிக்கொண்டிருந்த சர்க்கரையைக் கருக்கிச் செய்த மீன் குழம்பின் வாசனையும், காயாத துணிகளின் வாடையும் கலந்து கூடத்தில் அசையாமல் நின்றன. உள்ளறையில் பாயில் மூன்று வயது மகள் போங் தூங்கினாள். சுவரில் இருந்த கேமரா அவளை மியெனின் கணினியில் பதிவு செய்துகொண்டிருந்தது.

மியெனுக்குக் கணினியின் அடிப்படை மென்பொருளான கெர்னலில் வேலை. ஒரே கணினிக்குள் புரோகிராம்களைத் தனித்தனி அறைகளாகத் தடுத்து வைப்பார்கள். ஓர் அறையில் இருப்பதற்கு அடுத்த அறை தெரியாது. ஒரு கோப்பை எது பூட்டிப் பிடித்திருக்கிறது என்று எண்ணோடு காட்டும் பட்டியலை அவள் திருத்திக்கொண்டிருந்தாள். பிடித்திருப்பது, பார்க்கிற அறைக்கு வெளியே இருந்தால் எண்ணுக்குப் பதில் பூஜ்யம் வரும். ஆனால் எல்லா அறைகளையும் பார்க்கிற மூல அறையில் பூஜ்யம் வர வழியே இல்லை. அதற்கு வெளியே எதுவும் கிடையாது.

அவள் பட்டியலைப் பார்த்தது மூல அறையிலிருந்துதான். பூட்டியிருந்தது கேமராவின் கோப்பு. எதற்காக என்ற இடத்தில் 'படிக்க' என்றது பட்டியலின் அந்த வரி.

கணினியை அணைத்து, தன் திருத்தம் இல்லாத பழைய கெர்னலோடு மறுபடி போட்டாள். இன்டர்நெட் கேபிளைப் பிடுங்கினாள். பிறகு, கூட வேலை செய்யும் லாமுக்குப் போன் போட்டாள்.

"அண்ணே, மூல அறையிலயே பூஜ்யம் வருது."

"உன் திருத்தத்துல ஓட்டை இருக்கும்மா. தூங்குறவனை எழுப்பிப் பூஜ்யத்தைக் காட்டுறியே."

"பழைய கெர்னலையும் போட்டுப் பாத்துட்டேன். திரும்ப வந்து உக்காந்திருக்கு."

லாமின் கொட்டாவி பாதியில் நின்றது. "கோப்புல எந்த இடத்தைப் பிடிச்சிருக்கு?"

வரியின் கடைசியில் இரண்டு எண்கள். இரண்டுமே கோப்பின் முடிவைத் தாண்டி இருந்தன. ஒரு நொடிக்கு எவ்வளவு பதிவாகும் என்று வகுத்துப் பார்த்தாள். மூன்று பத்திலிருந்து மூன்று பதினொன்று வரை. மணி அப்போது மூன்று எட்டு.

"அண்ணே... இன்னும் நடக்காததைப் படிக்குது."

மறுமுனையில் லாம் எழுந்து உட்காரும் சத்தம் கேட்டது. பிறகு, "பாப்பா எங்க?"

"உள்ள."

"தூக்கிட்டு வெளிய வா. சீக்கிரம்."

எழுந்தவள் திரையைப் பார்த்தாள். 'படிக்க' போய்விட்டது. 'எழுத' என்று இருந்தது.

ஓடினாள். திரைச்சீலை மூடிய அறை. மின்விசிறி. இருட்டில் பாயைத் தடவினாள். சின்ன முதுகு கைக்குத் தட்டுப்பட்டது. வாரி எடுத்துத் தோளில் சாய்த்துக்கொண்டு கூடத்துக்கு வந்தாள். கழுத்தில் வெதுவெதுப்பான மூச்சு. மூன்று பதினொன்று. பூட்டு காணாமல் போயிருந்தது.

"ஒண்ணும் ஆகல அண்ணே," என்றாள். "என் கையிலதான் இருக்கா."

"அப்பாடா. சரி, அந்த ஒரு நிமிஷத்துல என்ன இருக்குன்னு பாரு."

ஒரு கையால் பதிவை ஓட்டினாள். இருட்டிலும் பார்க்கும் கேமரா. சாம்பல் நிறப் படம். ஓடி வருகிறாள் அவள். குனிகிறாள். பாயில் போங்குக்குப் பக்கத்தில், காலியான இடத்தில், கைகள் எதையோ வாரி எடுக்கின்றன. தோளில் சாய்க்கின்றன. தோளில் எதுவும் இல்லை. அவள் வெளியே போகிறாள்.

பாயில் போங் புரண்டு படுக்கிறாள்.

"மியென்? என்னம்மா தெரியுது?"

அவள் படத்தை நிறுத்தினாள்.

"அம்மா," என்று உள்ளறையிலிருந்து தூக்கம் கலைந்த குரல் கேட்டது. "அம்மா, எங்க போன?"

தோளில் இருந்தது தலையைத் தூக்கவில்லை. அதன் கைகள் மட்டும் அவள் கழுத்தைச் சுற்றி, மெல்ல, ஒன்றோடொன்று கோத்துக்கொண்டன.