ஐடெல்லா வீட்டு பிஸ்கட்

"கதவைத் திறங்க அண்ணி. அம்மா பிஸ்கட் தட்டுறதைப் பாக்கத்தான் பர்மிங்ஹாமிலேர்ந்து விழுந்தடிச்சு வந்தேன்... பெத்த பொண்ணுக்கே தாழ்ப்பாளா?"

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கே மேக்சின் அடுக்களைக் கதவைத் தட்டிப் பெயர்த்துக்கொண்டிருந்தாள். உள்ளேயிருந்து தாய் ஐடெல்லா குரல் கொடுத்தாள். "மாவுல கை வச்சிருக்கேன்டி. இப்ப யாரும் வரக் கூடாது."

"சரி, இருந்துக்கோங்க. ஆனா அந்த மரக் கிண்ணம் இன்னிக்கு என் கைக்கு வந்தாகணும். சொல்லிட்டேன்."

உண்மையில் மாவில் கை வைத்திருந்தது மருமகள் ஓலீட்டா. மாமியாரின் கைகள் முடக்குவாதத்தில் சுருண்டு மடியில் கிடந்தன. அந்தக் கிண்ணமோ தலைமுறையாக வருவது. வீட்டில் எவளுக்கு பிஸ்கட் கைகூடுகிறதோ அவளுக்குத்தான் அது போகும்.

அலபாமாவில் எங்கள் பக்கத்து பிஸ்கட், டீயில் தோய்க்கிற தட்டைச் சமாச்சாரம் இல்லை. மாவில் பன்றிக் கொழுப்பை விரல் நுனியால் பிசறி, நடுவில் குழி பறித்து மோர் ஊற்றி, பட்டும் படாமலும் சேர்க்க வேண்டும். அழுத்திப் பிசைந்தால் செருப்புத் தோல்தான். கிள்ளி உருட்டி, தலையில் நடு மூன்று விரல் முட்டியால் ஓர் அழுத்து அழுத்திச் சுட்டெடுத்தால், பிட்டதும் ஆவி பறக்கும். கைகூடாதவள் கடையில் விற்கிற டப்பா மாவை மேடை விளிம்பில் அடித்து உடைத்துச் சுட்டுக்கொள்ளலாம். அந்த 'டப்' சத்தம் அடுத்த வீட்டுக்குக் கேட்டால் மானம் போச்சு.

எட்டு வருஷத்துக்கு முன்னால் கை முடங்கியபோது ஐடெல்லா அழுத அழுகை கொஞ்சமில்லை. "சர்ச்சுல எனக்குப் பேரே இந்த பிஸ்கட்தான் கண்ணு. கை போச்சுன்னு தெரிஞ்சா... அப்புறம் நான் யாரு?"

"யாருக்கும் தெரியாது அத்தை. நான் பாத்துக்கறேன்" என்று ஓலீட்டா வாக்குக் கொடுத்தாள். அன்றிலிருந்து அவள் சுட்டதெல்லாம் மாமியார் கூடையில் போனது. கை கொஞ்சம் மடங்கினாலும் பிஸ்கட்டுக்குப் பழுதில்லை என்று ஐடெல்லா ஊருக்குச் சொல்லிக்கொள்வாள்; சுடுகிற நேரத்தில் அடுக்களைக் கதவு தாழிட்டே இருக்கும். தன் பேருக்கும் ஒரு கூடை வேண்டுமே? அதற்கு டப்பா பிஸ்கட். ஆண்டுதோறும் சர்ச் விருந்தில் அந்தக் கூடை சீந்துவாரில்லாமல் கிடக்கும். "டப்பா ஓலீட்டா" என்று பெண்கள் வாயைப் பொத்திச் சிரிப்பார்கள். கட்டிய புருஷன் ஹாலிஸ்கூட நாலு பிஸ்கட்டை விழுங்கிவிட்டு, "அம்மா கையே கை. நீயும் இருக்கியே" என்பான். அவளும் சிரித்துக்கொண்டே காபி ஊற்றுவாள். அந்தச் சிரிப்புக்கு அவள் பட்ட பாடு அவளுக்குத்தான் தெரியும்.

இந்த வருஷ விருந்து அன்றைக்குத்தான். ஆராதனை முடிந்து, ஓக் மரத்தடியில் நீள மேஜைகளில் வறுத்த கோழியும் கீரையும் பரப்பியாயிற்று. ஊரே கூடியிருந்தது. மேக்சினுக்கு அதுதான் வசதி.

"எல்லாரும் இருக்கறப்பவே கேட்டுடறேன்மா. டப்பா உடைக்கிற கைக்கு அந்தக் கிண்ணம் எதுக்கு? எனக்குக் குடுத்துடுங்க."

யாரோ சிரித்தார்கள். எட்டு வருஷம் ஓலீட்டாவின் கை பட்ட கிண்ணம்... அவள் தன் கூடையின் மேல் துணியை இழுத்து மூடினாள்.

மேக்சின் தாயின் கூடையிலிருந்து ஒரு பிஸ்கட்டை எடுத்துப் பாதிரியார் மனைவியிடம் உயர்த்திக் காட்டினாள். "பாருங்க, இது எங்கம்மா முத்திரை. மூணு முட்டிக் குழி. அதுல பாகை ஊத்தித்தான் நாங்க..."

பேச்சு நின்றது. இரண்டு குழிதான் இருந்தது. இன்னொன்றை எடுத்தாள். அதிலும் இரண்டு. எட்டு வருஷமாகத் தின்ற வாய்கள் எதுவும் எண்ணிப் பார்த்ததில்லை.

பஞ்சாலை இயந்திரத்தில் மோதிர விரலை அடியோடு பறிகொடுத்தவள் அந்த ஊரில் ஒருத்திதான். எல்லார் கண்களும் ஓலீட்டா பக்கம் திரும்பின. அவள் சட்டென்று வலது கையை ஏப்ரனுக்குள் ஒளித்தாள். "அத்தைக்கு இன்னிக்கு விரல் சரியாப் பதியலை... அவ்வளவுதான்."

"போதும் ஓலீட்டா." ஐடெல்லா மேஜையைப் பற்றிக்கொண்டு எழுந்தாள். மருமகளின் கையை வெளியே இழுத்து, தன் சுருண்ட கைகளுக்கு நடுவில் வைத்து எல்லாரும் பார்க்க உயர்த்தினாள். "எட்டு வருஷமா என்னைப் புகழ்ந்தீங்களே, அத்தனையும் இந்தக் கைக்குச் சேர வேண்டியது. இவளை டப்பான்னு நீங்க சிரிச்சப்ப நான் வாயை மூடிக்கிட்டு உக்காந்திருந்தேன். எனக்கு என் பேருதான் பெரிசாப் போச்சு. கிண்ணம் இவளுக்குத்தான்... என்னை மன்னிச்சிடு கண்ணு."

"மன்னிப்பெல்லாம் எதுக்கு அத்தை? மனசாரத்தானே செஞ்சேன்."

ஓலீட்டாவின் கன்னத்தில் கண்ணீர் வழிந்தது. ஆனால் உயர்ந்த கையை அவள் இறக்கிக்கொள்ளவில்லை. நாலு விரல் கையை ஊர் பார்க்கட்டும் என்று நின்றாள்.

மேக்சின் ஓடிவந்து கட்டிக்கொண்டாள். "அண்ணி, நான் பேசின பேச்சுக்கு என் நாக்கை..."

"அழுதது போதும், விடு. பிஸ்கட் ஆறுது."

தட்டும் கையுமாக ஆட்கள் அவள் முன்னால் வரிசை கட்டிவிட்டார்கள். சிரித்த பெண்களும் அதில் இருந்தார்கள். ஹாலிஸ் எல்லாரையும் விலக்கிக்கொண்டு முன்னால் வந்தான்.

"ஓலீட்டா... எனக்கு ஒண்ணு குடேன்."

அவள் அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"வரிசை இருக்குங்க. பின்னால போய் நில்லுங்க."

ஹாலிஸ் தலையை ஆட்டினான். தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, கடைசி ஆளுக்குப் பின்னால் போய் நின்றான்.