வந்து உக்காருங்க ஐயா

வன்னியம்பட்டிக்குள் கிறிஸ்துராஜின் பைக் நுழைந்தபோது வெயில் நன்றாகத் தாழ்ந்திருந்தது. பின்சீட்டில், பழைய போர்வையில் சுற்றிக் கட்டிய ஒரு பெரிய போட்டோ. பாண்டீஸ்வரியின் வளைகாப்பு அன்று அவன் எடுத்த குடும்பப் படம் அது. பிரேம் போட்டு நேரில் கொடுக்க வந்திருந்தான்.

தெருக்கோடியில் அந்தப் பழைய ஓட்டுவீடு. வாசலில் ஒரு வெள்ளை நாய் கிடந்தது. பாண்டீஸ்வரியின் செத்துப்போன அப்பா சமுத்திரம் வளர்த்த நாய். வேற்றாளைக் கண்டால் குதறிவிடும். வளைகாப்பு அன்று அதைச் சங்கிலியில் கட்டிய பிறகுதான் கிறிஸ்துராஜால் படியேற முடிந்தது. இன்றைக்கு அதைக் கட்டவில்லை.

அவனைப் பார்த்ததும் எழுந்து வந்தது. காலை முகர்ந்தது.

வாலை ஆட்டியது.

"பரவாயில்லையே, நம்மள ஞாபகம் வச்சிருக்கு," என்று சிரித்துக்கொண்டே உள்ளே போனான் கிறிஸ்துராஜ்.

இவனைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். தூத்துக்குடிக் கடலோரத்தில் பூநாரைகளையும் மீனவக் குடும்பங்களையும் படம் பிடித்துத் தொழில் பழகியவன். பியூலாவைக் கட்டிக்கொண்ட பிறகு ராஜபாளையத்தில் ஸ்டுடியோ போட்டான். விடியற்காலையில் மலையடிவாரத்தில் சாம்பல் அணிலுக்காக மூச்சடக்கிக் காத்திருப்பான். பொழுது ஏறினால் குடும்பப் படம். வேலையில் ரொம்பச் சுத்தக்காரன். அந்தச் சுத்தம்தான் அவனுக்கு வினையாக வந்தது.

குடும்பப் படத்தில் இறந்தவரையும் சேர்த்துக் கேட்பது இந்தப் பக்கம் சாதாரணம். நடுவில் ஒரு நாற்காலியைக் காலியாக விட்டுச் சுற்றி நிற்பார்கள். மற்ற ஸ்டுடியோக்காரர்கள் என்றால் ஏதாவது ஒரு கோட்டுசூட்டு உடம்பில் ஆதார் கார்டு முகத்தை ஒட்டி உட்காரவைத்துவிடுவார்கள். கிறிஸ்துராஜுக்கு அது பொறுக்காது. வெளிச்சம் ஒரு பக்கம், கழுத்து ஒரு பக்கம் என்று நிற்கும். ஆகவே வெள்ளைச் சட்டையும் வேட்டியும் உடுத்தித் தன்னையே நாற்காலியில் உட்காரவைத்துப் படமெடுத்துக் கம்ப்யூட்டரில் போட்டு வைத்திருந்தான். எந்த வீட்டு அப்பா செத்தாலும் தலை அவருடையது, உடம்பு இவனுடையது. இதை யாரிடமும் சொன்னதில்லை.

இன்னொரு பழக்கமும் உண்டு. படம் எடுக்குமுன் அந்தக் காலி நாற்காலியைக் கும்பிட்டு, "வந்து உக்காருங்க ஐயா," என்பான். அதைக் கேட்டதும் வீட்டாளுகள் முகம் இளகும், கண் கலங்கும், படம் பிரமாதமாக வரும். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் என்பார்களே, அந்தக் கதைதான்.

போர்வையை அவிழ்த்ததும் பாண்டீஸ்வரி நிறைமாத வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "அண்ணே, அப்பா அப்படியே எந்திரிச்சு வந்து உக்காந்த மாதிரி இருக்குண்ணே."

அவள் அம்மா காளீஸ்வரி அழவில்லை. படத்தில் முழங்கால்மேல் இருந்த கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு வலது கையை விரலால் மெல்லத் தடவினாள்.

கிறிஸ்துராஜின் வலது கை மயிர்க்கூச்செறிந்தது.

"இது அவிய கை இல்லையே தம்பி," என்றாள். "அவியளுக்குச் சுண்டுவிரல் கிடையாது. கரும்பாட்டுத மெஷின்ல போயிருச்சு."

"ஐயோ, தெரியாமப் போச்சும்மா. குடுங்க, சரி பண்ணிக் கொண்டாரேன்."

"வேண்டாம்." போட்டோவைத் தன் பக்கம் இழுத்து அணைத்துக்கொண்டாள். "வீட்டுக்கு வந்துட்டாவ. மத்ததை அவியளே பாத்துக்கிடுவாவ."

மறுநாள் விளக்கு வைக்கிற நேரம் ஸ்டுடியோவில் தனியாக உட்கார்ந்திருந்தான். ஊதுவத்தி வாசனை வந்தது. பக்கத்துக் கடையில் ஏற்றியிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டான். வாசனை கூடிக்கொண்டே போனது. துளசியும் வாடிய சம்பங்கி மாலையும் சேர்ந்த வாசனை. கழுத்தில் ஈரமாக என்னமோ கனத்தது.

மௌஸின் மேலிருந்த அவன் கையை ஒரு கை பற்றியது.

காய்ப்புக் காய்த்த, வயசான கை.

அறையில் யாரும் இல்லை.

அதன்பிறகு தினமும் அந்தி சாய்ந்தால் அந்தக் கை வந்தது. பிடித்தது, தடவியது, கொஞ்ச நேரம் கழித்துப் பிடியை விட்டது. இவனுடைய சுண்டுவிரல் நாளுக்கு நாள் மரத்துக்கொண்டே போனது. வழக்கமாக மலையடிவாரத்து அய்யனார் கோவில் பக்கம் காட்டில் போய் உட்கார்ந்தால் எந்த அணிலும் அவனை ஒரு பொருட்டாக நினைக்காது. ஒருநாள் விடியற்காலையில் ஒரு சாம்பல் அணில் அவனைப் பார்த்த மாத்திரத்தில் சிறுத்தையைக் கண்டதுபோல் அலறியது. மரத்துக்கு மரம் அலறல் ஏறிப்போய்க் காடே அடங்கிவிட்டது. பயத்தில் ஒரு முள்ளை ஒடித்துச் சுண்டுவிரலில் குத்திப் பார்த்தான்.

வலிக்கவில்லை. ரத்தமும் வரவில்லை.

பியூலாவிடம் எல்லாவற்றையும் கொட்டினான்.

"உங்க உடம்பு எம்புட்டு வீட்டுல தொங்குது?"

"பத்துப் பன்னெண்டு இருக்கும்."

"ஏசப்பா! புத்தி கெட்டா போச்சு உங்களுக்கு? உசுரோட இருக்க மனுசன் உடம்பைச் செத்தவியளுக்குத் தூக்கிக் குடுப்பாகளா? அவிய பாட்டுக்குக் கிடந்தாக, நீங்களா போய் வெத்தலை பாக்கு வச்சுக் கூப்பிட்டிருக்கீக." சொல்லும்போதே அவளுக்கு அழுகை முட்டியது. "போய் அந்தப் போட்டோவை வாங்கிட்டு வாங்க. எம்பிள்ளைக்கு அப்பா வேணும்."

நாலு வயது எலினா கட்டிலில் உட்கார்ந்து பொம்மைக்குச் சடை பின்னிக்கொண்டிருந்தாள். கிறிஸ்துராஜ் அவளை ஒருமுறை பார்த்தான். அப்போதே பைக்கை எடுத்தான்.

வன்னியம்பட்டி வீட்டில் பாண்டீஸ்வரி இல்லை, செக்கப்புக்காக ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தாள். ஜன்னல் சாத்திய அறையில் காளீஸ்வரி போட்டோவுக்குக் கீழே உட்கார்ந்திருந்தாள். நாய் அவன் பின்னாலேயே வந்து காலடியில் படுத்துக்கொண்டது.

போட்டோவை அண்ணாந்து பார்த்தான்.

வலது கையில் நாலு விரல்தான் இருந்தது.

"அம்மா, இதைக் குடுத்துருங்கம்மா. வேற போட்டு நல்லாச் செஞ்சு தாரேன்."

"தரமாட்டேன் தம்பி." கிசுகிசுப்பாகத்தான் பேசினாள், பக்கத்தில் யாரோ தூங்குவதுபோல. "அவிய கையைப் பிடிச்சாத்தான் எனக்கு உறக்கம் வருது. மொதல்ல சில்லுன்னு இருந்துச்சு. இப்பம் நல்லா சூடா இருக்கு."

"அம்மா, அது என் கை."

"தெரியும்."

அவன் வலது கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டான்.

"அவிய சொன்னாவ," என்றாள் காளீஸ்வரி. "நான் பாட்டுக்குக் கிடந்தேன், அந்தத் தம்பிதான் வந்து உக்காருங்கன்னு கூப்பிட்டுச்சு, உக்காந்தேன்னாவ. கூப்பிட்டு உக்கார வச்சவியள எந்திரிங்கன்னு சொல்லலாமா? நல்லாவா இருக்கும், நீங்களே சொல்லுங்க."

விழுந்தடித்துக்கொண்டு வெளியே ஓடினான். ஸ்டுடியோவுக்கு வந்த வேகத்தில் கம்ப்யூட்டரைப் போட்டு, நாற்காலியில் உட்கார்ந்திருந்த அந்தத் தலையில்லாத உடம்பை அழித்தான். அதை ஒட்டிய அத்தனை படங்களையும் அழித்தான். கடைசிப் படம் போனதும் கழுத்துக் கனம் சட்டென்று இறங்கியது. மேஜையிலிருந்த குண்டூசியால் சுண்டுவிரலைக் குத்தினான்.

சுரீரென்று வலித்தது. ஒரு பொட்டு ரத்தம் வந்தது. அவன் வாய்விட்டு அழுதான்.

வீட்டுக்கு வந்ததும் எலினாவைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டான். அந்தி சாய்ந்தது. எந்தக் கையும் வரவில்லை. ஊதுவத்தி வாசனை இல்லை. அடுக்களையில் பியூலா மீன் பொரிக்கிற வாசனைதான் வந்தது. எம்புட்டு நல்ல வாசனை அது! பிள்ளையின் உச்சந்தலையில் முகத்தை வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தான்.

போன் அடித்தது. பாண்டீஸ்வரி.

"அண்ணே, போட்டோவுல அப்பாவக் காணோம்ணே. நாங்க எல்லாரும் நிக்கோம். நாற்காலி மட்டும் காலியாக் கெடக்கு."

அப்பாடா என்றிருந்தது அவனுக்கு. "அம்மா என்ன சொல்லுதாங்க?"

"அதுதாண்ணே பயமா இருக்கு. அம்மா குளிச்சுச் சீலை மாத்திட்டு, சோறு வடிச்சு ரெண்டு தட்டு எடுத்து வச்சிருக்கு. அந்தப் படத்து உடம்பு போயிருச்சாம், இனி அப்பா நேராவே வாராவளாம். கெளம்பிட்டாவன்னு சொல்லுது."

கிறிஸ்துராஜ் பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் கால்கள் எழுந்துவிட்டன.

அவன் எழவில்லை. கால்கள்தான் எழுந்தன.

எலினா மடியிலிருந்து சரிந்து இறங்கினாள். போன் தரையில் விழுந்தது. கால்கள் வாசலுக்குப் போய்ச் செருப்பைத் துழாவி மாட்டிக்கொண்டன.

"அப்பா, எங்க போறீங்க?"

எங்கயும் இல்லடா செல்லம், உங்கிட்டதான் இருப்பேன் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தான்.

"வீட்டுக்குப் போறேன் தாயி," என்றது கரகரத்த ஒரு கிழட்டுக் குரல். "சோறு ஆறிப்போகும்."

பியூலா கரண்டியோடு ஓடிவந்து அவன் பெயரைச் சொல்லிக் கத்தினாள். பிள்ளையும் கத்தியது. திரும்பி ஒருமுறை, ஒரே ஒருமுறை, அந்த முகங்களைப் பார்த்துவிட வேண்டும் என்று உயிரைக் கொடுத்து முயன்றான். கழுத்து திரும்பவில்லை.

தெருவில் இறங்கியதும் கைகள் இரண்டும் இடுப்புக்குப் போயின. பேன்ட் போட்டிருந்தவனின் கைகள், அங்கே இல்லாத வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டன. பிறகு நடை வேகமெடுத்தது.