பக்கத்து இருக்கையில் ஊசிச் சத்தம்

பக்கத்து இருக்கை காலியாகத்தான் இருந்தது. ஆனாலும் அங்கிருந்து நூல் இழுபடும் சத்தம் வந்துகொண்டிருந்தது.

எல்ஃப்ரீடா நிமிர்ந்து பார்க்கவில்லை. வெளியே பனி கொட்டி நாலு மணிக்கே இருட்டிவிட்ட அந்தச் சாக்சனி மலை ஊரின் பள்ளி மண்டபத்தில், ஸ்வஸ்திகா போட்ட கட்சிக் கொடிகளுக்குக் கீழே வரிசையாகக் குனிந்திருந்த பயிற்சிப் பெண்கள் எல்லோரும் போட்டிக்காகக் கையுறைதான் தைத்துக்கொண்டிருந்தார்கள். ஈரமான ஆட்டுத்தோலின் வாடையும் கரியடுப்பின் புகையும் தொண்டையை அடைத்தன. இத்தனை ஊசிகளுக்கு நடுவே ஓர் ஊசியை மட்டும் தனியாகப் பிரித்துக் கேட்க யாராலும் முடியாது. அவளால் முடிந்தது. மூன்று தையல், ஒரு சின்ன நிறுத்தம், மறுபடி மூன்று. கெர்டா அப்படித்தான் தைப்பாள்.

கெர்டா இருந்திருந்தால் பரிசும் பெர்லின் பயணமும் அவளுக்குத்தான். அவர்கள் வேலை பழகும் கையுறைப் பட்டறையில் எல்லோருக்கும் அது தெரியும். போன மாதம் போட்டிக் கேள்விகளைப் படித்தபோது கெர்டா, "தலைவர் பிறந்த நாள் நமக்கு எதுக்குடி? அவர் கை அளவைச் சொன்னாப் போதாதா, தைச்சுடுவோமே!" என்று சிரித்தாள். எல்ஃப்ரீடாவும் சேர்ந்துதான் சிரித்தாள். அன்று சாயங்காலமே அதைக் கட்சி அலுவலகத்தில் போய்ச் சொல்லிவிட்டு வந்தாள். கூட்டிக்கொண்டு போனவர்கள் கெர்டாவை மேல்கோட்டைக்கூட எடுக்க விடவில்லை. நினைத்தாலே எல்ஃப்ரீடாவுக்குத் தன் முகத்தில் தானே காறித் துப்பலாம் போலிருந்தது.

"என்னடி இப்படி வேர்க்குது உனக்கு? நாங்க குளிர்ல விறைச்சுக் கெடக்கோம்" என்றாள் மேற்பார்வைக்கு வந்த ரோஸ்லர் அம்மாள்.

"ஒண்ணுமில்லம்மா. அடுப்புப் பக்கத்துல இருக்கேன்ல."

அடுப்பு மண்டபத்தின் மறு கோடியில் இருந்தது.

தைத்து முடித்த வலது கையுறையைச் சூடாக்கி வைத்திருந்த பித்தளைக் கை அச்சின்மேல் மாட்டி, சுருக்கம் போக நீவி, கழற்றி மேசையில் வைத்தாள். தோல் ஆறியது. விரல்கள் தட்டையாகப் படியவில்லை. உப்பியே நின்றன.

பக்கத்து ஊசி நின்றுவிட்டது.

நடுவர் வந்தார். தையலைத் தடவிப் பார்த்தார். "அருமை! எங்க, போட்டுக் காட்டும்மா."

சொல்லிவிடலாமா? என்னவென்று? ஒன்றைச் சொன்னால் எல்லாவற்றையும் சொல்ல வேண்டும்.

கையை நுழைத்தாள்.

உள்ளே ஏற்கெனவே ஒரு கை இருந்தது.

சில்லென்று. மெலிந்து. அதன் விரல்கள் அவள் விரல்களைத் தேடின. பின்னிக்கொண்டன. கோபமே இல்லை அந்தப் பிடியில். பயந்த பிள்ளை அம்மாவைப் பிடிப்பது போல.

"இதுக்குத்தான் முதல் பரிசு!" என்றார் நடுவர் உரக்க.

மண்டபமே எழுந்தது. கட்சி வணக்கத்துக்காக வலது கைகள் நீண்டன. அவளும் நீட்டியாக வேண்டும். நீட்டினாள்.

எல்லோரும் கையை இறக்கினார்கள். அவள் கை இறங்கவில்லை.

அந்த வெள்ளைக் கையுறைக்குள் பத்து விரல்கள் நெளிவதை மண்டபமே பார்த்துக்கொண்டிருந்தது.