முனை மனையில் நட்ட பலகை

சங்கரி செருப்பைக்கூடக் கழற்றாமல் பாலாம்பாளின் கூடத்துக்குள் வந்து நின்றாள். பின்னால் அவள் கணவன் பார்த்தசாரதி.

“மேடம், சாயங்காலம் மனை வாங்கப் பார்ட்டி வர்றாங்க. எம் மனையில எவனோ பலகை நட்டுட்டான். ‘இவ்விடம் வழக்கில் உள்ளது, வாங்கி ஏமாறாதீர்’னு. வழக்கே கிடையாது!”

“யார் முதல்ல பார்த்தது?”

“இவருதான். காலையில போய்ப் பார்த்துட்டு வந்து சொன்னாரு.”

பாலாம்பாள் சார்பதிவாளராக இருந்து ஓய்வு பெற்றவர். செங்கல்பட்டில் நிலத் தகராறு என்றால் வக்கீலுக்கும் முன்னால் அவரைத்தான் தேடி வருவார்கள். பக்கத்து வீட்டு ஓய்வுபெற்ற ஆசிரியர் ஜெபகுமார் அதற்குள் கார் சாவியோடு வந்துவிட்டார். துப்பு துலக்குவது என்றால் அந்த மனிதருக்குச் சோறு தண்ணி வேண்டாம்.

அது சங்கரி பி.எஃப். கடன் போட்டு வாங்கிய மனை. ஒரே வருடத்தில் கைமாற்றி, அந்த லாபத்தில் கூடுவாஞ்சேரியில் சொந்த வீடு என்பது அவள் கணக்கு. இந்தப் பார்ட்டி ஓடிப்போனால் அந்த வீடு கனவோடு சரி.

மதியம் சாய, எல்லாரும் காரில் போய் இறங்கினார்கள். மாமல்லபுரம் போகும் சாலையோரம் மனை. மேற்கே சாலை, தெற்கே தெரு. இரண்டும் கூடும் முனையில் மண் புட்டு மாதிரி உதிர்ந்தது. பலகையோ எதிர்க்கோடியில், வடகிழக்கு மூலைப் புதருக்குப் பின்னால் நின்றது. அங்கே தரை செம்பாறை. சுற்றிலும் கடப்பாறை பெயர்த்த சில்லுகள்.

விவரம் கேள்விப்பட்டுத் தரகர் ஞானதாஸ் முறைத்தபடி வந்தார். “கமிஷன் குடுக்காம நேரா விக்கிறீங்க. கோவம்தான். அதுக்காகப் பலகை நடுவனா?”

நிலத்தை முன்பு விற்ற உள்ளூர்க்காரி பூவாயியும் வந்து மண்ணை வாரித் தூற்றினாள். “அடிமாட்டு வெலைக்கு வாங்கிட்டு இப்ப டபுளா விக்கிறியே, வெளங்குவியா? உங்க குடும்பமே நாசமாப் போவட்டும்!”

“இவதான்!” என்று சங்கரி பாய்ந்தாள்.

எதிர்க்கடையிலிருந்து டீ வந்தது. பார்த்தசாரதி மட்டும் கைக்குட்டையைச் சுற்றிக் கிளாஸைப் பிடித்தான்.

“மேடம், பூவாயிதானே?” ஜெபகுமார் காதைக் கடித்தார்.

“பலகை எதுக்கு சார்? நாலு பேர் பார்க்க. அப்போ முனையிலதானே நடணும்? மண்ணும் பொலபொலன்னு கிடக்கு. அதை விட்டுட்டு மறைவுல, பாறையில ஏன் இடிச்சான்?”

“தெரியலையே.”

“அந்த முனை தென்மேற்கு, கன்னிமூலை. அங்க குழி விழுந்தா மனைக்காரக் குடும்பத்துக்கு ஆகாதுன்னு இங்க எல்லாருக்கும் தெரியும். இந்தக் குடும்பம் நாசமாப் போகணும்னு சபிக்கிறவ அங்கதானே ஆசையா தோண்டுவா? தரகரும் அப்படித்தான். குடும்பத்துக்கு ஒண்ணும் ஆகக்கூடாதுன்னு நினைச்சவன்தான் பாறையோட மல்லுக்கட்டியிருக்கான்.” பாலாம்பாள் திரும்பினார். “பார்த்தசாரதி, கையை விரிங்க.”

உள்ளங்கை முழுக்கக் கொப்புளம்.

அவன் கையை மூடிக்கொண்டான். “இந்த மனையைக் காட்டிக் கேளம்பாக்கத்துல ஒருத்தர்கிட்ட அட்வான்ஸ் வாங்கிட்டேன் சங்கரி. ஆறு மாசத்துல ரெட்டிப்புன்னு சொன்னாங்க, அந்தப் பணத்தை ஒரு லேஅவுட்ல போட்டேன். அவங்க ஆபீஸே இப்ப பூட்டிக் கிடக்கு. இதை வித்துட்டா அந்தாளு வூட்டு வாசல்ல வந்து நிப்பான். கொஞ்ச நாள் இழுக்கலாம்னுதான்...”

சங்கரி அவனையே பார்த்தாள். குரல் லேசாகத் தணிந்தது. “பாறையில இடிச்சது, எனக்கு எதுவும் ஆகக்கூடாதுன்னா?”

பூவாயி சிரித்தாள்.

“உனக்கு இன்னாடி ஆவும்? கன்னிமூலையில குழி பறிச்சா வூட்டு ஆம்பளைக்குத்தான் ஆவாது. அது எங்க ஊரு கொழந்தைக்குக்கூடத் தெரியும்.”

சாலையில் பார்ட்டியின் கார் வந்து நின்றது. சங்கரி முகத்தைத் துடைத்துக்கொண்டு பலகையை இரண்டு கையாலும் அசைத்துப் பிடுங்கினாள். உதவிக்கு வந்த கணவனைத் தோளால் இடித்துத் தள்ளினாள்.

“அட்வான்ஸ் உன் கடன், நீயே கட்டிக்க. கூடுவாஞ்சேரி வூடு எம் பேர்ல வாங்குறேன். நீ எங்க இருக்கப் போறேன்னு இப்பவே யோசிச்சுக்கோ.”

பலகையை அவன் காலடியில் போட்டுவிட்டு, வந்தவர்களைப் பார்த்துக் கைகூப்பினாள்.