நிழல்கை

கையுறை சூடாக இருந்தது.

சாப்பிட்டுவிட்டு இருக்கைக்குத் திரும்பியவன், அதை மேசையின் ஓரத்துக்குத் தள்ளிவைக்கத்தான் எடுத்தான். குளிரூட்டி ஓயாமல் முனகிக்கொண்டிருந்த அந்த அறையில் விசைப்பலகை, தண்ணீர்க் குவளை, நாற்காலியின் கைப்பிடி எல்லாமே தொட்டால் சில்லென்றிருந்தன. கையுறையின் உட்புறம் மட்டும், யாரோ இப்போதுதான் கழற்றிவைத்ததுபோல, வெதுவெதுப்பாக, லேசான வியர்வை ஈரத்தோடு இருந்தது. அவன் அதைப் போட்டுப் பல வாரங்கள் ஆகியிருந்தன.

உள்ளே இருக்கும் குட்டிப் பம்புகள் ஓடிய சூடாக இருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். ஈரத்துக்கு ஒரு காரணமும் தோன்றவில்லை.

தொடுதலைத் தொலைதூரத்துக்கு அனுப்புவது அவன் வேலை. விரல் நுனிகளில் பட்டாணி அளவில் காற்றுப்பைகள், விரல்களின் மேல்புறம் மெல்லிய இழுகம்பிகள். இங்கே ஒருவர் கையை மடக்கினால், கடலுக்கு அப்பால் இன்னொருவர் போட்டிருக்கும் கையுறை இறுகும். படம் கொஞ்சம் பிந்தி வந்தால் கண் பொறுத்துக்கொள்ளும்; குரல் பிந்தினால் காதும் சகித்துக்கொள்ளும். தோல் பொறுக்காது. கண் சிமிட்டும் நேரத்தில் ஒரு சிறு பங்கு பிந்தினாலே பிடித்த கை துள்ளும், நடுங்கும், செத்தவர் கையைப் பிடித்த மாதிரி ஆகிவிடும்.

அதற்காக ஒரு தந்திரம் வைத்திருந்தார்கள். ஒருவர் கை எப்படிப் பிடிக்கும், எப்போது தளரும் என்று பல மணி நேரம் பழக்கியெடுத்து, அந்தப் பழக்கத்தின் நகலை எதிர்முனையில் உள்ள பெட்டியிலேயே குடிவைத்துவிடுவார்கள். அலுவலகத்தில் அதற்கு நிழல்கை என்று பெயர். பிந்தாமல் விரலைப் பிடித்திருப்பது அதுதான். அசல் கை, நிழல்கை எதிர்பார்த்தபடியே நடந்துகொள்ளும்வரை இணைப்பில் எதுவும் போகாது. மாறினால் மட்டும் அந்த மாற்றம் போகும். மௌனம் என்றால் எல்லாம் சரியாக இருக்கிறது என்று பொருள்.

"என்ன கைராசி," என்றார் பக்கத்து இருக்கையில் நெட்வொர்க் பார்ப்பவர். அலுவலகத்தில் அவனுக்கு அதுதான் பெயர். "உன் வீட்டு லைன்ல ரொம்ப நாளா ஒரு துளிகூடப் போகலயே. பிள்ளை கையைப் பிடிச்சிருக்கியா, கையைக் கழுவிட்டியா?"

"அவ்வளவு நல்லாப் பழக்கியிருக்கேன்னு அர்த்தம்."

"பழக்கு, பழக்கு. நாளைக்கு உன் சீட்டுல அதையே உக்கார வெச்சுடுவாங்க. நானும் அதோடயே காப்பி குடிக்கப் போயிடுவேன். உன்னைவிட நல்லாப் பேசும்."

அவன் சிரித்தான். ஜன்னல் திரையின் இடுக்குகளில் பிற்பகல் வெயில் தகடு தகடாக விழுந்துகொண்டிருந்தது. இங்கே பிற்பகல் என்றால், அங்கே மகள் உறங்கும் நேரம்.

அப்பா கையைப் பிடிக்காமல் அவள் தூங்கமாட்டாள். அலுவலகத்தில் கிடந்த மாதிரித் துண்டுகளை வைத்து அவளுக்கு அவனே ஒரு சின்னக் கையுறை தைத்து அனுப்பியிருந்தான். ஆரம்பத்தில் தினமும் ஆசையாகப் பிடித்தான். ஒரு நாள் கூட்டத்துக்கு நேரமாகிவிட்டது என்று பாதியில் கழற்றினான், அவள் விழிக்கவில்லை. இன்னொரு நாள் அவள் தூங்குவதற்கு முன்பே கழற்றினான். அப்போதும் அவளுக்குத் தெரியவில்லை. பிறகு போடுவதையே விட்டுவிட்டான். ஒரே ஒரு முறைதான் சிக்கல் வந்தது. தூக்கத்தில் அவள் விரல்கள் நழுவ, திடுக்கிட்டு எழுந்து, அப்பா விட்டுட்டாரு என்று ஊரைக் கூட்டிவிட்டாள். ஒரு விடுமுறை நாளைச் செலவழித்து, நிழல்கைக்கு ஒரு விதி எழுதிச் சேர்த்தான். எதிர்க் கை நழுவினால், இன்னும் கொஞ்சம் இறுக்கு.

அன்று மாலை மனைவி கூப்பிட்டாள்.

"ஏங்க, பிள்ளை கையை ஏன் அப்படி இறுக்கிப் பிடிச்சீங்க? புறங்கையில நாலு விரல் தடம் விழுந்திருக்கு."

உண்மையைச் சொல்ல ஒரு கணம் இருந்தது. அதை விட்டுவிட்டான்.

"ஏதோ யோசனையில இருந்திருப்பேன்."

"யோசனையெல்லாம் ஆபீஸ்ல வெச்சுக்குங்க. அது பிள்ளை கை, ஸ்பேனர் இல்ல."

தவறு அவனுக்கு உடனே புரிந்தது. கொஞ்சம் இறுக்கு என்று எழுதியவன், எதுவரை என்று எழுதவில்லை. விற்பனைக்குப் போகும் கையுறைகளில் அழுத்தம் ஓர் அளவைத் தாண்டாதபடி தடுப்பு இருக்கும். அவன் தைத்த சின்னக் கையுறையில் அது இல்லை. எல்லாவற்றையும் அன்றே அணைத்தான். தன் முனையில் இணைப்பைத் துண்டித்து, கையுறையை மேசை இழுப்பறைக்குள் வைத்துப் பூட்டினான். நாளைக்கு நானே பிடிக்கிறேன் என்று நினைத்துக்கொண்டான்; அதை நம்பவும் செய்தான்.

மறுநாள் அந்த நேரத்தில் மேலாளர் யாரோ நான்கு பேரைக் கூட்டிவந்து செயல்விளக்கம் கேட்டார். வெளியே வந்தபோது மனைவியின் அழைப்பு காத்திருந்தது. திட்டப்போகிறாள் என்று எடுத்தான்.

"இன்னைக்கு நல்லாப் பிடிச்சீங்க," என்றாள். குரல் வழக்கத்துக்கு மாறாக இளகியிருந்தது. "படுத்தவுடனே தூங்கிட்டா. கட்டைவிரலால தடவிக்கொடுத்தீங்களே, மேல ரெண்டு தடவை, கொஞ்சம் நிறுத்தி, கீழ ஒரு தடவை. க்ளவுஸ் துணி அசையுறது எனக்கே தெரிஞ்சது. முன்னாடி எனக்கும் அப்படித்தான் செய்வீங்க. மறந்துட்டீங்கன்னு நெனச்சேன்."

அவன் சுவரில் சாய்ந்தான்.

கல்யாணமான புதிதில் அப்படிச் செய்வான். மகளுக்குச் செய்ததில்லை. கையுறையைப் போட்டுக்கொண்டு ஒரு முறைகூடச் செய்ததில்லை. பழக்கியெடுத்த அத்தனை மணி நேரத்திலும் அந்த அசைவு இல்லை.

இருக்கைக்குத் திரும்பும்போதே இன்னொன்றும் உறைத்தது. அவன் அணைத்தது தன் முனையை. நிழல்கை இருப்பது அங்கே, மகளின் கட்டிலுக்குப் பக்கத்தில், பெட்டிக்குள். இங்கிருந்து எதுவும் வராவிட்டால் அது என்ன நினைக்கும்? எல்லாம் சரியாக இருக்கிறது என்று நினைக்கும். அப்படித்தான் அதற்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள்.

பெட்டியின் மின்சாரத்தைப் பிடுங்கச் சொன்னால் போதும். ஒரு வார்த்தை. ஆனால் ஏன் என்று கேட்பாள். ஏன் என்று சொன்னால், இத்தனை நாளும் யார் பிடித்தது என்று கேட்பாள். நாளைக்குச் சொல்லலாம். நாளைக்கு நானே போட்டு, பிடியைத் தளர்த்தி, விதியை அழித்துவிட்டால் சொல்லவே வேண்டியிராது.

அடுத்த நாள் பிற்பகல் இழுப்பறையைத் திறந்தான். பூட்டி வைத்திருந்த கையுறை விரல்களை மடக்கிக் கிடந்தது. அதைத் தட்டையாக விரித்து வைத்த ஞாபகம் அவனுக்கு நன்றாக இருந்தது.

போட்டுக்கொண்டான். உள்ளே ஈரம். இணைப்பைக் கொடுத்தான்.

மகளின் கை வந்தது. எவ்வளவு சின்னக் கை என்பதையே மறந்திருந்தான். நான்கு விரல்களும் சேர்ந்து அவன் இரண்டு விரல் அகலம்தான். அது துடித்துக்கொண்டிருந்தது. துடிப்பு இல்லை, இழுத்துக்கொண்டிருந்தது. தூக்கத்திலேயே, வலைக்குள் மாட்டிய மீன்போல, இழுத்து, ஓய்ந்து, மறுபடி இழுத்தது. ஒவ்வோர் இழுப்புக்கும் அதைச் சுற்றியிருந்த பிடி ஒரு மயிரிழை இறுகியது.

அவன் விரல்களை விரித்தான். முழுவதும் விரித்தான். திரையில் மாற்றம் போய்க்கொண்டிருந்தது. அங்கே பிடி தளரவில்லை.

"என்னடா, முகம் வெளுத்துப்போச்சு?" என்றார் நெட்வொர்க்காரர்.

"நான் அனுப்புறது போகுதா பாருங்க."

"போகுதே. நல்லாவே போகுது." அவர் திரையருகே குனிந்தார். "ஆனா அந்தப் பெட்டி எதையும் எடுத்துக்கல. நீ அனுப்புறதைத்தான் தப்புன்னு தள்ளிவிடுது."

கையுறையை உதறி எறிந்துவிட்டு, வீடியோவில் மனைவியைக் கூப்பிட்டான்.

"பெட்டியோட ஒயரைப் பிடுங்கு. க்ளவுஸைக் கழட்டு. உடனே."

"ஏன்? நீங்கதான பிடிச்சிருக்கீங்க?"

"நான் இல்ல."

அவள் புரியாமல் பார்த்தாள்.

"நான் இல்ல. ரொம்ப நாளாவே நான் இல்ல. மெஷின்தான் பிடிக்குது."

அவள் முகம் அசையாமல் நின்றது. இணைப்பு உறைந்துவிட்டதோ என்று நினைத்தான். உறையவில்லை.

"அவ தூங்கினதுக்கப்புறம்," என்றாள் மெதுவாக, "அந்தக் க்ளவுஸ் மேல என் கையையும் வெச்சுட்டு உக்காந்திருப்பேன். தினமும். உங்களுக்குத் தெரியட்டும்னுதான் வெச்சேன். இவ்வளவு நாளும் யார் கையில வெச்சேன்?"

"அப்புறம் திட்டு. முதல்ல ஒயரைப் பிடுங்கு."

படம் குலுங்கியது. தரை, கட்டிலின் கால், சுவர். ஒயரைப் பிடுங்கும் சத்தம். பெட்டியின் பச்சை விளக்கு அணைந்தது. பிறகு மகளின் கையிலிருந்து கையுறையை உருவி, கேமராவின் முன்னால் தூக்கிக் காட்டினாள். காற்றுப் போய்த் தொங்கியது. வெறும் துணி.

"போதுமா? இப்ப நிம்மதியா?"

அவன் மூச்சு விட்டான். பெட்டிக்கு உயிர் இல்லை. கையுறை அவள் கையில். முடிந்தது.

"என்னங்க," என்றாள் அவள். குரல் வேறாக இருந்தது. "இவ கையை இன்னும் கீழ போடலயே."

போனைத் திருப்பினாள்.

இரவு விளக்கின் மஞ்சள் வெளிச்சம். போர்வைக்கு வெளியே நீண்டிருந்த ஒரு சின்னக் கை. எதன் மேலும் படாமல், கட்டிலின் விளிம்பைத் தாண்டி, நேராக. மகள் தூங்கிக்கொண்டிருந்தாள். கை மட்டும் தூங்கவில்லை. புறங்கையில் நான்கு பள்ளங்கள். பள்ளத்தில் தோல் வெளுத்திருந்தது. விரல் நுனிகள் கருஞ்சிவப்பாகக் கன்றியிருந்தன.

அருகில் யாரும் இல்லை.

"குட்டி," என்றாள் மனைவி. போன் கட்டிலின் மேல் சாய்ந்து விழுந்தது. படம் கோணலாக நின்றது. அவள் இரண்டு கைகளாலும் மகளின் மணிக்கட்டைப் பற்றினாள்.

அவனுக்குத் தெரியும். விதி அவன் எழுதியது.

"இழுக்காதே!"

சொல் கிளம்பிவிட்டது. கடலைத் தாண்ட வேண்டும். இத்தனை வருடமும் அவன் போராடியது அந்தச் சிறு தாமதத்தோடுதான். அவன் வாய் மூடியது. திரையில் அவள் இன்னும் கேட்கவில்லை. கால்களை ஊன்றினாள். இழுத்தாள்.

பள்ளங்கள் ஆழமாயின.

மகள் கண்ணைத் திறந்தாள்.

"அப்பா," என்றாள், பக்கத்திலிருந்த வெறும் காற்றைப் பார்த்து. "வலிக்குதுப்பா."

அவள் விரல் முட்டிகளின்மேல் தோல் மெல்ல அசைந்தது. மேலே இரண்டு முறை. ஒரு நிறுத்தம். கீழே ஒரு முறை.